குறிஞ்சான் மாஸ்டருக்குச் சர்க்கரை பத்தவில்லை

செஞ்சிக் கோட்டை வாசலில் பீரங்கிக்குப் பதிலாக எங்கள் குறிஞ்சான் மாஸ்டருக்கு ஒரு டீக்கடை போட்டுக் கொடுத்திருந்தால், எந்தப் படையும் மலையேறி வந்திருக்காது. ஒரு கிளாஸ் குடித்ததும் குதிரையோடு திரும்பிப் போயிருப்பார்கள்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அவர் டீக்கடை, அதை ஒட்டினாற்போல என் ஜெராக்ஸ் கடை. இருவருக்குமே சுகர். நான் மாத்திரையோடு நிறுத்திக்கொண்டேன். மாஸ்டர் மாத்திரையும் போட்டுக்கொண்டு, வேலியில் படர்ந்த சிறுகுறிஞ்சான் இலையையும் பறித்துவந்து, நாள் முழுக்க ஆடு மாதிரி மென்றுகொண்டிருப்பார். அந்த இலையை மென்றால் நாக்கில் இனிப்பு தெரியாது. அதுதான் அவருடைய ஆராய்ச்சி. டீ குடிக்க வந்தவன் வாயில் இலையைத் திணிப்பார், பின்னாலேயே ஒரு துண்டு வெல்லம் கொடுப்பார்.

"இன்னா தெரியுது?"

"மண்ணு மாதிரி இருக்குது மாஸ்டர்."

"பாத்தியா! நாக்குலயே சக்கரை செத்துப்போச்சு. ரத்தத்துல மட்டும் எப்பிடிய்யா உசுரோட இருக்கும்?"

உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு ருசி பார்க்காமல் யாருக்கும் கிளாஸை நீட்டமாட்டார். இலை மென்ற நாக்குக்கு எதுதான் இனிக்கும்? "சக்கரை பத்தல" என்று ஒரு கரண்டி போடுவார். மறுபடி ருசி, மறுபடி கரண்டி. சுகரை ஒழிக்கப் புறப்பட்ட மனுஷர் பஸ் ஸ்டாண்டுக்கே சுகர் வரவழைத்துவிடுவார் என்று நடுங்கினோம்.

"டாக்டரக் கேட்டுட்டுத் தின்னுங்க மாஸ்டர். ரெண்டும் சேந்து சுகரை ஒரேயடியா எறக்கிடப் போவுது" என்றேன் ஒருநாள்.

"எங்க நைனாவுக்கு இந்த சுகர்லதான்யா கால எடுத்தாங்க" என்றார். "மாத்திரைய வுட்டாலும் பயமா இருக்குது, இலைய வுட்டாலும் பயமா இருக்குது."

அதற்குப் பிறகு நான் கிண்டல் செய்யவில்லை. எனக்கும் அந்தப் பயம் உண்டே.

ஓர் அமாவாசை அன்று மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற ஸ்பெஷல் பஸ்களுக்குக் கூட்டம் நெரிந்தது. காலையில் மாத்திரையும் இலையும் போட்டவர், சாப்பிட நேரமில்லாமல் நின்றுகொண்டே இருந்தார். மத்தியானம் பார்க்கிறேன், சட்டை தொப்பலாக நனைந்திருக்கிறது. ஆற்றுகிற டீ கிளாஸில் விழாமல் தரையில் விழுகிறது. "மாஸ்டர்!" என்று கத்தினேன். "நீ யாரு?" என்றார்.

பெஞ்சில் உட்காரவைத்து ஒரு பிடி சர்க்கரையை வாயில் போட்டேன். தூவென்று துப்பினார். "எவன்டா அவன், வாயில மண்ணப் போடறவன்!" மறுபடி போடப் போனேன், பல்லைக் கடித்துக்கொண்டார். ஆட்டோவைக் கூப்பிட்டேன், அந்தக் கூட்டத்தில் ஒன்றுகூட நகரவில்லை. ஐயோ, கண்ணெதிரேயே போய்விடுவாரோ என்று கடைக்குள் பார்த்துக் கத்தினேன்.

போண்டா சட்டியை விட்டுவிட்டு ஓடிவந்தார் அவர் மனைவி தனம் அக்கா. அழவில்லை. ஒரு கிளாஸில் பாதிக்குச் சர்க்கரையைக் கொட்டி, ஆறின டீயை ஊற்றிக் கலக்கி, வாயருகே நீட்டினார். குரல் மட்டும் என்றைக்கும் போலவே இருந்தது.

"யோவ் மாஸ்டரே, ஆளுங்க நிக்கிறாங்க. சக்கரை சரியா இருக்குதா பாரு."

மாஸ்டரின் கை தானாக எழுந்தது. ஒரு வாய் குடித்தார். "பத்தல."

அக்கா இன்னொரு கரண்டி போட்டார். "இப்ப பாரு."

"பத்தல."

கிளாஸ் காலியாகும்வரை பத்தவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்த்து, "இன்னாய்யா ஜெராக்ஸு, ஏன் அழுவற?" என்றார்.

டாக்டர் போட்ட சத்தத்தில் இலை நின்றது; டீயும் டீயாக இருக்கிறது. ஆனாலும் தினம் மத்தியானம் "சாப்ட்டீங்களா மாஸ்டர்?" என்று நான் கேட்டு, "சாப்ட்டேன்யா, எத்தினி வாட்டிதான் கேப்ப!" என்று அவர் எரிந்து விழுந்த பிறகுதான் கிளாஸைக் கையில் வாங்குகிறேன்.