அடிமண் எடுத்தவன்

கடலில் செத்தாலும் சாவேன், பெண்டாட்டியிடம் உண்மையை மட்டும் சொல்ல மாட்டேன் என்று 1979 மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை முடிவெடுத்தேன். வீரமான முடிவுதான். ஆனால் அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

உண்மை இதுதான். ஏசுபாதமாகிய எனக்கு நீச்சல் தெரியாது. திருவிடந்தைக்குப் பெண் பார்க்கப் போனபோது, "மாப்பிள்ளைக்கு இன்னா தெரியும்?" என்று மாமனார் கேட்டார். வாய் சும்மா இருக்கவில்லை. "எங்க ஊரு படாளத்துல பெரிய கெணத்துல தலகீழாப் பாஞ்சு அடிமண் எடுத்துனு வருவேன்" என்றேன். கதவுக்குப் பின்னால் சந்திரம்மா சிரித்தது கேட்டது. வெட்கத்தில் சிரிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பது வருஷம் கழித்து அந்தப் பொய் என்னைத் தேடிக்கொண்டு வந்தது. சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு போல்ட் கம்பெனியில் ஏழு வருஷமாக நான் தற்காலிகம். மேனேஜர் ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையைப் படித்துவிட்டு ஒரு போட்டி அறிவித்தார். மாமல்லபுரத்துக் கடலில் இரண்டு பர்லாங்கு நீச்சல், ஈர உடம்போடு திருக்கழுக்குன்றம் வரை சைக்கிள், அங்கிருந்து மூன்று மைல் ஓட்டம். முடிக்கிற தற்காலிகம் நிரந்தரம். மற்றவர்கள் ஜூன் மாதத்தோடு வீட்டுக்கு.

சைக்கிள் பிரச்சினை இல்லை. செங்கல்பட்டிலிருந்து தினமும் மிதிக்கிறவன். ஓட்டமும் சரி, சங்கு ஊதுவதற்குள் கேட்டுக்கு ஓடி ஓடிப் பழக்கம். கடல்தான் வழியை மறித்தது. அதனால் ஒரு திட்டம் போட்டேன். சந்திரம்மாவை அழவைத்து, "போகாதே" என்று அவள் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டால், பெண்டாட்டி விடவில்லை என்று கௌரவமாக விலகிவிடலாம். வேலை போனாலும் பழி அவள் மேல்.

"சந்திரம்மா, கடல்ல நீந்தணுமாம்."

"நீந்து."

"அலை பனைமர ஒசரம் வருது."

"அடிமண் எடுத்தவனுக்கு அலை இன்னா பெரிசு?"

"சுறா கீதுன்றாங்க."

"உன்னத் துன்னா அதுக்குத்தான் பேஜாரு. எலும்புதான கீது."

"நான் செத்துட்டா இன்னா பண்ணுவ?"

"நெரந்தரம் ஆனப்பறம் சாவுய்யா. இப்ப செத்தா கம்பெனில ஒரு மாலகூட போட மாட்டான்."

அழவே இல்லை. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"எனக்குத்தான் தண்ணின்னா ஒதறல். போட்டிக்கு இன்னும் ரெண்டு மாசம் கீதுல்ல? நீதான் பெரிய நீச்சல்காரனாச்சே, எனக்குக் கத்துக் குடேன்."

மாட்டிக்கொண்டேன்.

எனக்கு ஏன் நீச்சல் தெரியாது என்று உங்களிடம் சொல்லலாம். எங்கள் ஊரில் பெரிய கிணறு ஒன்றுதான். அதில் ஊர்த்தெருப் பிள்ளைகள் குதிக்கும். சேரிப் பிள்ளைகள் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. ஒரு சித்திரை வெயிலில் என் அண்ணன் குதித்துவிட்டான். தூக்கி எடுத்து அடித்தார்கள். கிணறு தீட்டுப்பட்டதென்று என் அப்பாவை வைத்தே முழுக்க இறைக்க வைத்தார்கள். அண்ணனுடைய இடது கை அதற்குப் பிறகு நேராகவே இல்லை. இன்றைக்கும் ஆழமான தண்ணீரைப் பார்த்தால் எனக்கு அந்தக் கைதான் தெரியும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஜெபம் முடிந்ததும் இரண்டு பஸ் மாறி அவள் அம்மா வீட்டுக்குப் போய், அங்கிருந்து கடலுக்கு. சந்திரம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு என் இடுப்பை இறுக்கிப் பிடித்தாள்.

"பயமா கீதுய்யா. அலை வந்தா மேல எகிறணுமா, அடில பூரணுமா?"

"அடில" என்றேன், குருட்டாம்போக்கில்.

"அப்ப பூந்து காட்டு."

புகுந்தேன். ஒரு சொம்பு உப்புத் தண்ணீர் வயிற்றுக்குள் போனது. ஆனால் அலை என் தலைக்கு மேலே போய்விட்டிருந்தது.

"மல்லாந்து படுத்து மூச்ச இழுத்துப் புடிச்சா மெதக்கலாம்னு நீதான சொன்ன?"

நான் சொல்லவே இல்லை. ஆனால் வருகிற பெருமையை வேண்டாம் என்பானேன்? "ஆமா, சொன்னேன்" என்று படுத்தேன். பயத்தில் அவள் என் முதுகுக்கடியில் கையை வைத்துக்கொண்டாள். மிதந்தேன்.

இப்படி எட்டு ஞாயிறு. நான் கை வீசி, கால் உதைத்து, ஆள் உயரத் தண்ணீருக்கே போய் வந்தேன். அவள் மட்டும் முழங்கால் தண்ணீரில் கத்திக்கொண்டிருந்தாள். இந்த மண்டைக்கு எதுவும் ஏறாது என்று மாமியாரிடமே சொன்னேன். மாமியார் ஏனோ அடுப்படிக்குள் போய்விட்டாள்.

போட்டியன்று பதினோரு பேர். துணைக்கு இரண்டு கட்டுமரம். அலையைத் தாண்டியதும் கால் தரையைத் தேடியது. தரை இல்லை. அண்ணன் கை கண்முன் வந்தது. செத்தேன் என்றே நினைத்தேன். அப்போது, அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்தது. மல்லாந்து படுத்தேன். மூச்சை இழுத்தேன். கடல் என்னைப் பிடித்துக்கொண்டது.

கடைசி ஆளாகக் கரையேறினேன். ஆனால் சைக்கிளில் ஐந்து பேரை முந்தினேன். முடித்தவர்கள் ஏழு பேர். அதில் நான் ஒருவன். மேனேஜர் கை குலுக்கியபோது, வெட்கமில்லாமல் அழுதேன்.

சாயங்காலம் மாமல்லபுரத்துக்கே திரும்பி, மணலில் காத்திருந்த சந்திரம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஆரம்பித்தேன்.

"பாத்தியா? அடிமண் எடுத்த ஒடம்பு. நீயும் ஒழுங்காக் கத்துகினு இருந்தா..."

பேச்சு சுவாரசியத்தில் அலை என் செருப்பில் ஒன்றை இழுத்துக்கொண்டு போனதைக் கவனிக்கவில்லை. சந்திரம்மா எழுந்தாள். புடவையைச் செருகினாள். இரண்டு அலைக்கு அடியில் புகுந்து, மூன்றாவது அலைக்கு அந்தப் பக்கம் தலையைத் தூக்கி, நாலே வீச்சில் செருப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்து என் முன்னால் போட்டாள்.

ஒற்றைச் செருப்போடு எழுந்து நின்றேன்.

"எப்படி... நீ..."

"ஏழு வயசுலேந்து. கடலுக்கு எவன்யா காவல் போட முடியும்?"

"அப்ப, எனக்கு நீச்சல் தெரியாதுன்னு..."

அவள் முந்தானையைப் பிழிந்தாள்.

"பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே தெரியும்யா. எந்த ஊருல நம்ம சனத்தப் பெரிய கெணத்துல எறங்க வுட்டான், நீ அடிமண் எடுக்க?"