செங்கைச் சாமியின் காவல் கல்

தங்கச் சுரங்கத்தின் பாலகாட் கூலி லைனில் நானூறு குடிசை. நானூறு தட்டிக் கதவிலும் ஒரு சிவப்புக் கை பதிந்திருந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்த சிவப்பு. மாதா படம் மாட்டிய வீடுகளிலும் கை இருந்தது. சாமி மதபேதம் பார்ப்பதில்லை. அரிசி எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிதான் வேகும்.

செங்கைச் சாமி ரயிலில் வந்து இறங்கி ஆறு வாரம். யாரிடமும் எதையும் கை நீட்டிக் கேட்டதில்லை. அதுதான் அவர் மகிமை. "வீட்டுக்கு ஒரு படி அரிசி. என் கையில குடுக்காதீங்க. அண்டாவுல நீங்களே போடுங்க" என்பார். அண்டாவும் லைன் ஜனங்களுடையது. ஆண்கள் விறகு பிளந்தார்கள், பெண்கள் அரிசி களைந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தங்கள் அரிசியைத் தாங்களே வடித்து, தாங்களே பரிமாறி, தாங்களே தின்று, "சாமி போட்ட சோறு, இன்னா ருசி" என்று ஏப்பம் விட்டார்கள். சாமி கரண்டியை ஒரு தடவை தொட்டுக் கொடுத்தார். அரிசி போட்டவர் தன் கையாலேயே தன் கதவில் கை பதித்துக்கொள்ளலாம். கை இல்லாத கதவை லைன் பார்த்த பார்வையில், மூன்றாம் வாரம் அப்படியொரு கதவே இல்லாமல் போயிற்று.

சோற்றுக்குப் பிறகு கல். சுரங்கத்தில் தான் வேலை செய்யும் இடத்திலிருந்து ஒவ்வொருவனும் ஒரு கல் கொண்டுவர வேண்டும். சாமி அதைத் தண்ணீர்த் தொட்டியில் போடுவார். மூழ்கும். "உன் எடத்துல கண்டம் கீது" என்பார். பிறகு தன் பூசைக் கல்லைப் போடுவார். மனிதத் தலை அளவு, கன்னங்கரேல் என்று இருக்கும். அது மிதக்கும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

அந்தக் கல்லின் குட்டிகள்தான் காவல் கல். சிவப்புத் துணியில் தைத்தது; இடுப்பில் கட்டினால் பாறை விழாது. பிரிக்கக் கூடாது, பெண் தொடக் கூடாது. கல்லுக்கு ஒரு கோழி. சாமி பாலும் பழமும் தவிர எதுவும் உண்பதில்லை. கோழிகள் திங்கட்கிழமை ரயிலில் கூடை கூடையாகப் பெங்களூருக்குத் தவம் செய்யப் போயின.

நாள் முழுக்கக் கல் உடைக்கிற ஜனம் அது. தண்ணீரில் மிதக்கிற கல்லை வாழ்நாளில் ஒருவரும் கண்டதில்லை. அதனாலேயே நம்பினார்கள்.

மங்கம்மா சுரங்கத்துக்கு மேலே கல் பொறுக்குகிறவள். அவள் புருஷன் ராஜப்பா கீழே பாறையில் துளை போடுகிறவன். ஒரு கோழியைக் கொடுத்துவிட்டு அவனும் இடுப்பில் கல்லைக் கட்டிக்கொண்டான். போனது கோழிதானே என்று அவள் விட்டுவிட்டாள். அவன் வேலை செய்யும் அதே ஆழத்து லெவலில் மரம் முட்டுக் கொடுக்கிற ஏனோக் தண்ணீர்க் குழாயடியில் அவளை நிறுத்தினான்.

"அண்ணி, அண்ணன் இப்பல்லாம் தட்டறதில்ல, தெரியுமா?"

ஆட்களை இறக்கும் இரும்புக் கூண்டான கேஜில் இறங்கியதும் கடப்பாரையால் தலைக்கு மேல் பாறையைத் தட்டிப் பார்ப்பது எல்லாருக்கும் முதல் வேலை. ணங் என்றால் உறுதி. தொக் என்றால் உள்ளே பிளந்திருக்கிறது, ஓடு என்று அர்த்தம்.

"தட்டினா கல்லு மேல சந்தேகப்பட்ட மாதிரியாம். சாமி சொல்லிட்டாராம். வியாழக்கிழமை ஒரு பாளம் வுழுந்துது அண்ணி. அண்ணனுக்கும் அதுக்கும் நடுவுல ஒரு முழம்."

சாயங்காலம் அவள் புருஷனிடம் கேட்டாள்.

"ஆமா, வுழுந்துது. கல்லு காப்பாத்துச்சு" என்றான் ராஜப்பா.

"தட்டியிருந்தா வுழறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும்."

"உனக்கு இன்னா தெரியும்? நீ மேல கீறவ."

"மேல கீறவதான். உன்னத் தூக்கினு வந்தா மேலதான் கொண்டாருவாங்க."

அவன் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தான். மங்கம்மா அவன் இடுப்பையே பார்த்தாள். பிடுங்கி உடைத்துவிடலாம். பெண் தொட்டதால் கெட்டது என்பார்கள். அவன் இன்னொரு கோழியைத் தூக்கிக்கொண்டு போவான்.

ஞாயிற்றுக்கிழமை சோறு முடிந்து கல் மிதந்தது. கூட்டத்திலிருந்து மங்கம்மா எழுந்தாள். கையில் கடப்பாரை.

"சாமி, இந்தக் கல்ல ஒரு தட்டு தட்டி சத்தம் கேட்டா ஜனங்களுக்கு சந்தோசமா இருக்கும்."

"பொம்பள தொடக் கூடாது தாயி."

"நான் தொடல. எங்க வீட்டுக்காரர் தட்டுவாரு. உங்க மேல உசுரையே வெச்சிருக்கறவரு."

"தட்டறது சந்தேகம்."

"சந்தேகமில்ல சாமி. எல்லாரும் சேந்து செய்யறதுதான நம்ம வழக்கம். சோறு சேந்து ஆக்கினோம், கை சேந்து வெச்சோம். சத்தத்தையும் சேந்து கேப்போம்."

சேர்ந்து செய்வதில் ஆறு வாரம் பழகிய கூட்டம், "தட்டு, தட்டு" என்று தாளம் போட்டது. பழக்கிவிட்டவரால் நிறுத்த முடியவில்லை. ராஜப்பா பயபக்தியோடு வந்தான். முதலில் தான் கொண்டுவந்த கல்லைத் தட்டினான்.

ணங்.

பூசைக் கல்லைத் தொட்டியிலிருந்து எடுத்து, துண்டால் துடைத்துத் தரையில் வைத்து, தட்டினான்.

தொக்.

ராஜப்பா கடப்பாரையைப் போட்டுவிட்டுப் பின்னால் பாய்ந்தான். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நாற்பது சுரங்கக்காரர்களும் ஒரே சமயத்தில் எழுந்து பின்வாங்கினார்கள். யோசித்துச் செய்ததல்ல. அந்தச் சத்தத்துக்கு அவர்கள் கால்களுக்குத் தெரிந்த பதில் அது ஒன்றுதான்.

ராஜப்பா மெதுவாகத் திரும்பி வந்து கடப்பாரையை எடுத்தான். இந்த முறை ஓங்கிப் போட்டான். கல் இரண்டாகப் பிளந்தது. மேலே கரியும் கல்பொடியும் பசையும். உள்ளே வெள்ளை வெளேர் என்று கட்டை.

ஏனோக் குனிந்து ஒரு சிம்பை எடுத்து முகர்ந்தான். "கல்யாண முருங்கை. நம்மூர்ல கூத்துக்காரங்க கிரீடம் செதுக்கற கட்டை. இன்னா சாமி, எந்தக் கூத்து ஜமாவுல இருந்தீங்க?"

"ஜனங்களே, யோசிச்சுப் பாருங்க" என்றார் சாமி. ஆறு வாரத்தில் அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை. "அரிசி நீங்க போட்டீங்க. சோறு நீங்க ஆக்கினீங்க. கை நீங்க வெச்சீங்க. நான் இன்னா பண்ணேன்?"

கூட்டம் ஒவ்வொன்றாக விரல்விட்டு எண்ணிப் பார்த்தது. அந்த இடைவெளியில் அவர் கோரமண்டல் ரயில் ஸ்டேஷன் பக்கம் ஓடினார்.

ராஜப்பா மறுநாள் ஷிப்டில் முதல் ஆளாக இறங்கித் தட்டினான். தொக் என்றது. ஆட்களை விலக்கிவிட்டுப் பாளத்தை நெம்பித் தள்ளினார்கள். கட்டில் அளவு இருந்தது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

செய்தி மேலே வந்தது. சாயங்காலம் மங்கம்மா கதவைத் திறந்தால் அதே லைனில் குடியிருக்கும் வெங்கடம்மா நிற்கிறாள். மடியில் அரிசி, கக்கத்தில் கோழி.

"உனக்கு அருள் கீதுன்னு லைன் முழுக்க பேச்சு. இத வாங்கிக்கினு எங்க வீட்டுக்காரர் நெத்தியில துன்னூறு வெச்சுடு."

"எதுக்குக் குடுக்கறேன்னு ஒரு நிமிசம் யோசி. அப்புறமும் குடுக்கணும்னு தோணுச்சுன்னா குடு" என்றாள் மங்கம்மா.

வெங்கடம்மா நின்று யோசித்தாள். பழக்கமில்லாத வேலை, நெற்றி சுருங்கியது. பிறகு கோழியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிப் போனாள்.

மனிதர்கள் ஒரு நிமிஷம் யோசித்தால் ஒரு கோழி பிழைக்கிறது. நாள் முழுக்க யோசித்தால் மனிதர்களும் பிழைக்கலாம்.