என் கார்க் கண்ணாடிக்கு மெதுவா அண்ணன் செய்த அநியாயம்

கள்ளக்குறிச்சியில் எனக்கு அநியாயம் செய்தவர்கள் ஏராளம். அத்தனை பேரையும் மன்னித்துவிட்டேன். மெதுவா அண்ணனை மட்டும் மன்னிக்க மாட்டேன். நீங்களே கேட்டுச் சொல்லுங்கள்.

கச்சிராயபாளையம் சாலையில் ஒரு புங்க மரத்தடிதான் அவர் கடை. வண்டியின் முன்கண்ணாடியில் கல் பட்டுப் பொட்டளவு சில்லு பெயர்ந்தால் அவரிடம்தான் போக வேண்டும். சில்லின் மேல் ஒரு கருவியைப் பொருத்தி, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டு, தண்ணீர் போன்ற ரெசின் பசையை ஏற்றுவார். வெயிலில் காய்ந்ததும் சில்லு இருந்த இடம் தெரியாது. விட்டுவைத்தால் விரிசல் கண்ணாடி முழுக்க ஓடிவிடும். ஓங்கிக் கதவைச் சாத்தினாலும் ஓடிவிடும். அதனால் நாள் முழுக்க, "மெதுவா! கதவ மெதுவா சாத்து!" என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கிற மாதிரி கத்துவார். பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் தெரியாது.

ஒருமுறை கல்வராயன் மலையிலிருந்து ஒரு ஜீப்காரர் வந்தார். சில்லு பெயர்ந்த இடத்தில் சந்தனம் குழைத்து நடுவில் குங்குமம் வைத்திருந்தார்.

"இன்னாய்யா இது, கண்ணாடிக்குப் பொட்டு வெச்சி இட்டுக்கினு வந்துக்கிற?"

"கண்ணு பட்டுடுச்சிங்க அண்ணே, அதான்..."

"கண்ணா பட்டுச்சி? ஜல்லி பட்டுச்சிய்யா! உள்ள போன குங்குமத்த யாரு எடுப்பா, உங்க மாமனாரா?"

ஊசியால் ஒன்றரை மணி நேரம் குங்குமத்தை எடுத்தார். அந்த ஒன்றரை மணி நேரமும் திட்டினார். ஜீப்காரர் கைகட்டி நின்றார்.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் கல்லின் ஜாதகமே சொல்வார். ஒரு முதலாளி டிரைவரோடு வந்தார். லாரி டயரில் தெறித்த கல் என்று டிரைவர் சத்தியம் செய்தார். அண்ணன் பார்த்துவிட்டு, "மாங்காய்க்கு எறிஞ்ச கல்லு, மேலேர்ந்து வுழுந்துக்கிது சார். மாமரத்தடியில வண்டிய வுட்டுட்டு இவரு தூங்கிக்கினு இருந்திருக்காரு" என்று முதலாளி முகத்துக்கு நேரே சொன்னார். டிரைவர் அழாத குறை. கண்ணாடி விஷயத்தில் மெதுவா அண்ணன் சொன்னால் ஊரே நம்பும்.

இட ஒதுக்கீடு கேட்டு ஜனங்கள் சாலையில் உட்கார்ந்த காலம் அது. நான் பழைய கார் ஒன்றை வாங்கிப் பத்து நாள்கூட ஆகவில்லை. தியாகதுருகம் பக்கம் கூட்டத்தில் மாட்டிக்கொண்டேன். டொப்பென்று ஒரு கல். எறிந்தவனை நன்றாகப் பார்த்தேன். நைனார்பாளையத்துப் பையன். போன தீபாவளிக்கு எங்கள் வீட்டில் வயரிங் வேலை பார்த்து, என் மனைவி கையால் அதிரசம் தின்றவன்! வயிறு எரியுமா எரியாதா?

நேரே ஸ்டேஷனுக்குப் போய்ப் பெயரையும் ஊரையும் எழுதிப் புகார் கொடுத்தேன். எஸ்.ஐ. தாடையைத் தடவினார். "லாரியில தெறிச்ச கல்லுன்னு சொல்லிடுவாங்க சார். எறிஞ்ச கல்லுதான்னு மெதுவாகிட்ட எழுதி வாங்கினு, வண்டியோட வாங்க. கேஸ் போட்டுடலாம்."

போனில் படம் எடுத்துப் பார்த்தால் படத்தில் சில்லு விழவில்லை, கண்ணாடியில் தெரிந்த என் முகம்தான் விழுந்தது. மறுநாள் காலையில் அண்ணனிடம் போய், கேஸுக்கு எழுதித் தரச் சொன்னேன். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார்.

"யாரு சார் எறிஞ்சது?"

சொன்னேன்.

"படிச்சிக்கிறானா?"

"டிகிரி. போலீஸ் வேலைக்குப் பரீட்சை எழுதப்போறானாம். எழுதட்டும், உள்ள உக்காந்து எழுதட்டும்!"

அண்ணன் கத்தவில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். "போயி டீ சாப்ட்டு வாங்க சார்" என்றார்.

டீ குடித்து, போண்டா தின்று, பேப்பரில் ராசிபலன் வரை படித்துவிட்டு வந்தேன். கார் வெயிலைப் பார்த்து நின்றது. அண்ணன் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். சில்லைக் காணோம்! தடவித் தடவிப் பார்த்தேன். பளிங்கு மாதிரி இருந்தது.

"யோவ்! யாரைக் கேட்டுய்யா அடைச்ச? அது என் சாட்சிய்யா!"

"எறிஞ்சான் சார், கையாலதான் எறிஞ்சான். வேணும்னா நாலு அறை குடுங்க, நானே புடிச்சிக்கிறேன். கேஸுன்னு போட்டுட்டா அவனுக்கு எந்த சர்க்கார் வேல சார் கெடைக்கும்? அந்த வேலைக்காகத்தானே ரோட்டுல குந்திக்கினு கத்தறான்?"

நியாயம் பேசுகிறாராம்! உடைந்தது யார் கண்ணாடி? ஸ்டேஷனில் எஸ்.ஐ. என் காரை இரண்டு சுற்றுச் சுற்றி வந்து, "எங்க சார் உடைஞ்சிக்கிது?" என்றார். நாலு போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பையன் பரீட்சை எழுதினான். தேறவில்லை. எனக்குப் பரம சந்தோஷம். "உங்க ஆளு ஃபெயிலு!" என்று மரத்தடிக்கே போய்ச் சொன்னேன்.

"இன்னொரு வாட்டி எழுதுவான். எழுத வுட்டோமில்ல, அது போதும் சார்" என்றார்.

அடுத்த தடவை, சும்மா ஒரு ஆத்திரத்தில்தான், பையனின் பரீட்சை நம்பரைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். முடிவு வந்தபோது தேடினேன். இல்லை. ஏனோ அன்று மரத்தடிக்குப் போய்ச் சொல்ல மனசு வரவில்லை.

மூன்றாம் தடவை நம்பர் இருந்தது. ஒன்றுக்கு நாலு தரம் சரிபார்த்தேன். சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் காரை எடுத்துக்கொண்டு ஓடினேன். நைனார்பாளையத்துக்கு இல்லை, புங்க மரத்தடிக்கு. அந்த அநியாயக்காரரிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?