குழம்பில் விழுந்து எழுந்த லேசர்

உலகத்திலேயே இடது முன்னங்கையில் மட்டும் ஒரு முடிகூட இல்லாத மனிதர் எங்கள் டேப் அண்ணே ஒருவர்தான். பினாங்கில் நான் ஆராய்ச்சி செய்த லேபின் டெக்னீஷியன். புது ஒட்டு டேப் வந்தால் முதலில் தன் கையில் ஒட்டிப் பிய்த்துப் பார்ப்பார். "ஸ்ஸ்... இது சரியில்லலா, ரொம்பக் கடிக்குது" என்று சுருளையே திருப்பி அனுப்பிவிடுவார்.

லேபில் டேப்புக்கு அப்படி என்ன வேலை என்கிறீர்களா? ஒரு படிகத்தை டேப்பில் ஒட்டி, வெங்காயம் மாதிரி உரித்து உரித்து, அணுக்கனத்தில் ஒற்றை அடுக்காக்க வேண்டும். அந்த ஒற்றை அடுக்குதான் நன்றாக ஒளிரும். இரண்டு அடுக்கு ஒட்டிக்கொண்டிருந்தால் சரியான தூங்குமூஞ்சி. அந்த ஒளியைக் கூட்டி லேசராக்குவதுதான் என் ஆராய்ச்சி. மூன்று வருடமாக மினுக்கியதே தவிர லேசர் ஆகவில்லை. "வெள்ளிக்கிழமைக்குள்ள வரலன்னா தலைப்ப மாத்திக்கம்மா" என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். மாற்றினால் மூன்று வருட உழைப்பும் அம்போதான்.

அண்ணே உரிக்கும்போது மின்விசிறி ஓடக்கூடாது, யாரும் தும்மக்கூடாது. உரித்த டேப்பைக் கைக்கு எட்டிய இடத்தில் ஒட்டுவார். ஒருமுறை பேராசிரியர் முதுகிலேயே ஒட்ட, அருமையான படிகம் ஒன்று அவரோடு கெப்பாலா பத்தாஸ் வரை கூட்டத்துக்குப் போய்த் திரும்பியது.

அந்தக் கெட்ட பழக்கம் எனக்கும் தொற்றியது. வெள்ளிக்கிழமை மதியம், கடைசிப் படிகம் இருந்த டேப்பைச் சாப்பாட்டுப் பையில் ஒட்டிக்கொண்டு பேன்ட்ரிக்குப் போனேன். மிச்சம் வைத்த நாசி கண்டார் சோற்றுப் பொட்டலத்தில் குழம்பு ஒழுகியது. கைக்கு வந்த டேப்பை எடுத்து அதை மூடி, குப்பையில் போட்டேன். லேப் வாசலுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

"அண்ணே... கடைசி டேப்ப பொட்டலத்துல ஒட்டி தொங் சம்பாவுல போட்டுட்டேன்."

திட்டப்போகிறார் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன். திறந்தபோது அவர் பேன்ட்ரிக் குப்பைத் தொட்டிக்குள் தலைகீழாக இருந்தார்.

"ஏம்மா அழுவுற? மேலதான் குழம்பு. உள்ள இருக்கிற அடுக்கு இன்னும் காத்தையே பாக்கலலா."

லேபுக்குத் திரும்பி, புது டேப்பால் உரித்தார். நான் எட்டிப் பார்த்தேன்.

"அந்தப் பக்கம் திரும்பு தங்கச்சி. உன் மூச்சுலயும் கறிதான்."

அதுவரை அண்ணே உரித்துத் தந்ததையெல்லாம் நான் நாள்கணக்கில் திறந்தே வைத்திருந்தேன். பினாங்கின் ஈரக்காற்று ஒளியைத் தின்றிருக்கிறது. அண்ணே இதை உரித்த கையோடு, போரான் நைட்ரைடின் மெல்லிய படலங்கள் இரண்டுக்கு நடுவே பொத்திவிட்டார். ஒளியைத் திருப்பித் திருப்பி அனுப்பும் குட்டிக் கண்ணாடிகளுக்கிடையே அதை வைத்தேன். இத்தனை நாள் கணினித் திரையில் மண்மேடாகக் கிடந்த ஒளிக்கோடு ஊசிபோல எழுந்து நின்றது. லேசரேதான்!

அழுதுகொண்டே நன்றி சொன்னேன். "அட போம்மா, டேப்புக்குச் சொல்லு" என்றார். ஆய்வேட்டில் பெயர் போடவும் விடவில்லை.

இன்று என் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' ஒட்டியிருக்கிறது. அதை ஒட்டியது முடியில்லாத அந்தக் கைதான். நினைத்தால் இப்போதும் கும்பிடத் தோன்றுகிறது.