முதல் மழையும் நாற்பத்தோரு ஆடுகளும்

அன்பும் மதிப்பும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மனைவியும் உடம்பளவில் சுகம். மனசைப் பற்றிக் கீழே வருகிறது. உங்கள் காட்டில் அட்டைத் தொல்லை குறைந்து, நனைந்த துணிகள் என்றாவது ஒருநாள் காய்ந்து, தாங்கள் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

“இந்த வருடக் கடைசிக்குள் அவள் இங்கே வராவிட்டால் இனி நான் கூப்பிடப் போவதில்லை” என்று எழுதியிருந்தீர்கள். வருவாள். அடுத்த வார வெள்ளிக்கிழமை வண்டியில் நானே கொண்டுவந்து விடுகிறேன். எப்படி மனம் மாறினாள் என்று கேட்பீர்கள். சந்தோஷப்பட்டு மாறவில்லை. காரணம் நான்தான்.

நான் முப்பத்தொரு வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்துக் குறித்தவன். ஓய்வு பெற்று, உங்கள் மாமியாரும் போன பிறகு, தனியாகக் கிடக்க வேண்டாமென்று மகள் இந்தப் பொட்டல் காட்டு ஆய்வுக்கூடத்துக்கு அழைத்து வந்தாள். “இங்கயும் மீட்டர்தாம்ப்பா, பொழுது போகும்” என்றாள். மண் விடுகிற கரியமில வாயுவையும் செடி இழுத்துக்கொள்கிற கரியமில வாயுவையும் அளக்கிற கருவி, வேலிக்குள் ஒரு கோபுரத்தில் மாட்டியிருக்கிறது. செடி இழுத்தால் எண் பூஜ்யத்துக்குக் கீழே போகிறது. என் சர்வீஸில் பின்னால் ஓடுகிற மீட்டரைக் கண்டால் வீட்டுக்காரன்மேல் புகார் எழுதுவேன், இங்கே கைதட்டுகிறார்கள்.

உங்களுக்குத் தெரியாததில்லை, நீங்களும் அங்கே இதே ஆராய்ச்சிதானே செய்கிறீர்கள். உங்கள் காட்டில் மழை ஓய்வதில்லை. மண் ஊறி மூச்சு முட்டிக் கிடக்கிறது, மேகம் விலகினால்தான் இலைக்கு வேலை. இங்கே எல்லாம் நேர்மாறு. மாதக்கணக்கில் காய்ந்த மண்ணில் முதல் மழை விழுந்ததும், உள்ளே செத்தது போலக் கிடந்த நுண்ணுயிர்கள் விழித்துக்கொண்டு, இத்தனை நாள் விடாத மூச்சையெல்லாம் சேர்த்து விடுமாம். இலை துளிர்த்து அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள நாளாகுமாம். அந்த முதல் மூச்சைப் பிடிக்கத்தான் இவள் உங்களையும் விட்டுவிட்டு எட்டு மாதமாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வந்தது செவ்வாய்க்கிழமை மத்தியானம். அன்றைக்கென்று அவளுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கும் நாள், டவுனுக்குப் போயிருந்தாள். “மழை வந்தா வேலிக்கதவு சாத்தியிருக்கான்னு மட்டும் பாருப்பா. உள்ள யாரும் போகக்கூடாது, நீயும்தான்” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். கதவைச் சாத்தத்தான் ஓடினேன். வழியில் ஒரு செருப்பு சேற்றில் மாட்ட, அதைப் பிடுங்கப்போய் மற்றதும் மாட்ட, இரண்டையும் விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தால், ஆடு மேய்க்கிற அம்மாள் நாற்பத்தோரு ஆடுகளோடு கருவிக் கோபுரத்தடியில் நிற்கிறாள். “ஏம்மா, வெளிய ஓட்டும்மா!” என்று கத்தினால், “மழை விடட்டும் பெரியவரே, சினையாடு இருக்கு” என்கிறாள். சினையாட்டை மழையில் விரட்ட எனக்கு மனசு வரவில்லை. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிக்கொண்டு நானும் உள்ளே போய் நின்றேன். கருவியில் எண் ஏறுகிறது, ஏறுகிறது, அப்படி ஏறுகிறது. அந்த நேரம் பார்த்து மகளிடமிருந்து போன். வாயில் பஞ்சோடு, “எப்பா, எவ்ளோ காட்டுது?” சொன்னேன். “அய்யோ, மண்ணு மூச்சு விடுதுப்பா!” என்று அழுதுகொண்டே சிரித்தாள். அதில் பாதி ஆட்டு மூச்சு, மீதியில் கொஞ்சம் என்னுடையது என்று சொல்ல வாய் வரவில்லை, மாப்பிள்ளை. அம்மா போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதேயில்லை.

சாயங்காலம் வந்தாள். குளம்புத் தடத்தைப் பார்த்தாள். திட்டுவாள் என்று இரண்டு பதில் தயாராக வைத்திருந்தேன், இரண்டும் வீண். ஈரத்தரையில் உட்கார்ந்து, வீங்கின கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, “எட்டு மாசம்ப்பா” என்றாள். கொஞ்சம் கழித்து, “அவரு சொன்னதே சரி. போயிடலாம்.” அவ்வளவுதான். புதன்கிழமை பூராவும் பெட்டியில் துணி அடுக்கினாள். வந்ததும் அவளிடம் மழையைப் பற்றி மட்டும் ஒன்றும் கேட்டுவிடாதீர்கள். தப்பு முழுக்க என்மேல். என்னைத் தங்கச் சொல்லவும் வேண்டாம், வாசலோடு திரும்பிவிடுகிறேன்.

இருவரும் ஒரே கூரையின்கீழ், அது ஒழுகினாலும் பரவாயில்லை, நீண்ட காலம் வாழ ஆசீர்வதிக்கும்,
உங்கள் மாமனார்.

பின்குறிப்பு: கவரில் விலாசம் எழுதச் சொல்லி அவளிடம் கொடுத்தேன். உள்ளே இருந்ததையும் படித்துவிட்டாள். “ஆடு எவ்ளோ நேரம்ப்பா நின்னுச்சு?” என்றாள். மழையே இருபது நிமிஷம்தான், விட்டதும் அந்த அம்மாள் ஓட்டிப் போய்விட்டாள் என்றேன். “மத்தியானம் பூரா நின்னுச்சுன்னுல்ல நினைச்சேன்!” என்று ஓடிப்போய்க் கணினியைத் திறந்தாள். ஆடு போன பிறகும் எண் இறங்கவில்லையாம். மறுநாள் வரைக்கும் மண் விட்டுக்கொண்டேதான் இருந்ததாம். அந்த இருபது நிமிஷத்தை வெட்டிவிட்டால் மற்றதெல்லாம் சுத்தமாம். இனிச் செடி துளிர்த்து அதை வாங்கிக்கொள்வதையும் பார்க்காமல் நகர மாட்டாளாம். ஆகையால் வெள்ளிக்கிழமை நாங்கள் வரவில்லை. “அவருக்கு என்னம்மா எழுத?” என்றேன். “இனிமே கூப்பிட வேண்டாம்னு எழுதிடு” என்றாள். எழுதிவிட்டேன். “சரி, அவரா வந்தா?” என்று கேட்டேன். வேண்டாமென்று சொல்லவில்லை, கவரை எடுத்து உங்கள் விலாசத்தை எழுதினாள். அதையும் உள்ளபடியே எழுதுகிறேன், மாப்பிள்ளை.