சுவருக்கு அந்தப் பக்கம் பழுத்த திராட்சை

பீர்க்கன்கரணை
14.5.1993

அன்புத் தம்பி தாவீதுக்கு அக்கா செல்வமேரி எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே மூச்சு ஓடுகிறது. படப்பையில் நீயும் பெண்டு பிள்ளைகளும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் கூட்டி வாசித்துக்கொள், நாலாம் வகுப்போடு நின்றவள் நான்.

உன் மச்சான் செத்து எட்டு மாதம் ஆகிறது, அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன், பக்கத்து வீட்டு ஜஹீரா கொடியில் திராட்சை பழுத்ததைத்தான் தாங்க முடியவில்லை. ரெண்டு வருஷத்துக்கு முந்தி லாரி ஓட்டிக்கொண்டு கம்பம் போனவர் ரெண்டு திராட்சைக் குச்சி கொண்டு வந்தார், ஒன்றை நம் வாசலில் நட்டார், ஒன்றை அவளுக்குக் கொடுத்தார். தடித்த குச்சி யாருக்கு என்று அன்றைக்கே கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதாம்மே" என்றார். இப்போது அங்கே பந்தல் தெரியாமல் குலை தொங்குகிறது, இங்கே ஏழு இலை மிச்சம், அதிலும் நாலு கருகல். அதுவும் போய்விட்டால் அவர் கையால் நட்டது என்று சொல்ல இந்த வீட்டில் ஒன்றுமே இல்லை.

நான் என்ன குறை வைத்தேன்? விடிந்ததும் கொடியடியை ஒரு சருகு இல்லாமல் பெருக்கினேன், தினமும் தண்ணீர் ஊற்றினேன், மண் பத்து மணி வெயிலுக்கே வெடித்துப் போனது, யூரியா வாங்கி ரெண்டு கை அள்ளிப் போட்டேன், இலை கருகியது. ஜஹீரா ஒன்றும் செய்யவில்லை. அவள் புருஷன் ஹிதாயத்துல்லா தையல் மெஷினை விட்டு எழுந்திருப்பதே இல்லை. வயிற்றெரிச்சலில் நான் பெருக்கிய சருகு, ஆட்டுப்புழுக்கை, டீத்தூள், முருங்கைக் காம்பு எல்லாவற்றையும் சுவர் தாண்டி அவள் கொடியடியில் கொட்டிக்கொண்டே வந்தேன், அதற்கும் அவள் வாயைத் திறக்கவில்லை.

நேற்று பொறுக்காமல் போய்க் கேட்டேன்.

"இன்னாடி மருந்து வெச்சே?"

"மருந்தே நீங்கதாங்கா" என்று சிரிக்கிறாள். கொடியடிக் குப்பையை விலக்கி, என் கையைப் பிடித்து உள்ளே வைத்தாள். "தொட்டுப் பாருங்க, இந்த வெயில்லயும் எப்டி ஜில்லுனு கீது. மண்புழு நெளியுது. நாலு நாளைக்கு ஒரு தபா தண்ணி வுட்டா போதும். அண்ணன் அப்பவே சொன்னாரு, மண்ண வெறும் ஒடம்பா வுடக் கூடாது, சருகு போட்டு மூடணும்னு."

"எங்கிட்ட சொல்லலியே அவரு?"

"சொன்னாராம். நீங்க தொடப்பத்த எடுத்துகினு வந்தீங்களாம்."

பார்த்தாயா தம்பி. என் புருஷன் பேச்சு அவள் வாயில், என் வீட்டுக் குப்பை அவள் மண்ணில், குச்சியும் நம்முடையது. அப்படியென்றால் குலை யாருடையது? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கிளம்பி வா. உன் சிநேகிதர் குப்புராஜையும் கூட்டி வா, அவர் குரல் பெருங்களத்தூர் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும். அந்தக் கொடியை வேரோடு பெயர்த்து நம் பக்கம் நட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

பிள்ளைகள் நெற்றியில் என் பேரால் ஒரு சிலுவை போடு.

மனசு ஆறாத உன் அக்கா,
செல்வமேரி

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது வெளியே சரசரவென்று சத்தம். ஜஹீரா ஒரு கூடைச் சருகைச் சுவர் தாண்டி நம் கொடியடியில் கொட்டுகிறாள். திட்டத்தான் ஓடினேன். "இன்னும் கொஞ்சம் இந்தாண்ட போடுடி, வேரு இங்க கீது" என்று வாயில் வந்துவிட்டது. சண்டைக்கு வர வேண்டாம். சும்மா வருவதானால் ஒரு மூட்டை மக்கிய எரு கொண்டு வா. ஜஹீராவுக்குத் தெரிய வேண்டாம்.