பத்தொன்பதாம் நம்பர் கம்ப்யூட்டர்

"இத்தன எச்சரிக்கையும் எந்தக் கம்ப்யூட்டரால வருதுன்னு ஒரே ஒரு பேரு சொல்லும்வே, போதும்" என்றார் முதலாளி தேவசிகாமணி.

ஜெய்சனின் திரையில் அந்த வாரத்து எச்சரிக்கைகள் முந்நூற்றுப் பன்னிரண்டு இருந்தன. எல்லாம் ஒரே ரகம். யாரோ தவறான பாஸ்வேர்டு அடித்திருக்கிறார்கள்.

"நாலு மணிக்குள்ள சொன்னீர்னா வேலை நிரந்தரம். இல்லன்னா ஒம்ம ஆறு மாசம் இன்னையோட முடியுது."

உடன்குடிக் கருப்பட்டியைத் துபாய்க்கு அனுப்பும் அந்தப் பாளையங்கோட்டை நிறுவனத்தில், கம்ப்யூட்டர் பாதுகாப்புக்கு இருந்த ஒரே ஆள் ஜெய்சன். அவனுக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் அப்பா கேட்டது ஒரே கேள்விதான்: "வேலை நிரந்தரமா?"

எச்சரிக்கைகளைக் கம்ப்யூட்டர் பெயர்வாரியாகக் கூட்டிக் காட்டும்படி ஒரு குவெரி எழுதினான். ஒரே வரி வந்தது. 'ஆபீஸ்-பிசி: 312.'

சந்தோஷமாக எழுந்தவன் மறுபடி உட்கார்ந்தான். இருபத்து நாலு கம்ப்யூட்டருக்கும் அதுதான் பெயர். விற்றவர் ஒன்றைத் தயார் செய்து, மற்றவற்றுக்கு அதையே நகல் எடுத்திருந்தார்.

ஒவ்வொன்றிலும் எண் எழுதிய சீட்டை ஒட்டி, அதையே பெயராகவும் மாற்றிக்கொண்டு வந்தான்.

"எதுக்கு தம்பி நம்பர் ஒட்டுதீய?" என்றாள் சரக்குப் பிரிவு பாக்கியவதி.

"முதல்ல வர்ற கம்ப்யூட்டர முதலாளிகிட்ட சொல்லணும்க்கா."

"எத வச்சு முதல்?"

"பாஸ்வேர்ட ஒரு தடவ தப்பா அடிச்சா ஒண்ணு. நூறு தடவ அடிச்சா நூறு."

பாக்கியவதி அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டாள். ஆறு மாதத்தில் அவன் வேலையைப் பற்றி யாரும் இவ்வளவு அக்கறையாகக் கேட்டதில்லை.

பன்னிரண்டு மணிக்குக் குவெரியை ஓட்டினான். இருபத்து நாலு வரிகள் வந்தன. மொத்தம் ஆயிரத்து நூற்று நாற்பது.

ஏதோ பரவுகிறது என்று பயந்து, எல்லோரையும் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னான். ஒரு மணிக்கு மூவாயிரம்.

பெயர் வெளியே தெரிந்தால் கவனமாக இருப்பார்கள் என்று யோசித்து, கூடத்து டிவியில் தரவரிசையைப் போட்டான். ஊழியர்கள் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமல் அதையே பார்த்தார்கள்.

"நாங்க எத்தனாவதுவே?" என்றார் பில் போடும் பெருமாள்ராஜ்.

"ஏழாவது அண்ணாச்சி."

பெருமாள்ராஜ் முகம் வாடி இருக்கைக்குப் போனார். வெட்கம் வேலை செய்கிறது என்று ஜெய்சன் நினைத்தான்.

மூன்று மணிக்கு ஒன்பதாயிரம்.

மூன்றே முக்காலுக்குப் பதினான்காயிரம். ஆனால் இப்போது ஒன்று தனித்துத் தெரிந்தது. பத்தொன்பதாம் நம்பர் மட்டும் ஐயாயிரம். பின்பக்கக் கிடங்கில் கிடப்பது. அதில் வேலை செய்ய ஆளே கிடையாது.

ஜெய்சனுக்கு உயிர் வந்தது. முதலாளி அறைக்கு ஓடினான்.

"பத்தொன்பது சார். ஆளில்லாத மெசின். வெளிய இருந்து எவனோ நுழைஞ்சு நம்மளத் தாக்குதான்."

"துபாய்ல நமக்குப் போட்டி ஜாஸ்திதான்" என்றார் தேவசிகாமணி. நிரந்தர உத்தரவை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "வாரும், கண்ணால பாத்துட்டு அங்கனயே கையெழுத்துப் போடுதேன்."

பேனாவைத் திறந்தபடியே கிடங்குக் கதவைத் தள்ளினார்.

கருப்பட்டிப் பெட்டிகளுக்கு நடுவே, பெருக்கும் செல்லக்கிளி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். துடைப்பம் சுவரில் சாய்ந்திருந்தது. அவள் விரல் எண்டர் பொத்தானை விட்டு எடுபடவில்லை.

"ஏட்டி, என்ன செய்யுத?" என்றார் முதலாளி.

செல்லக்கிளி எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"வெள்ளத்தப்போ வீட்டுக்கு வீடு நம்பர் ஒட்டிட்டுப் போய் மறுநா அரிசி குடுத்தாகல்லா, அது மாதிரி முதல்ல வாறவுகளுக்குப் புதுக் கம்ப்யூட்டர்னு ஆபீஸ்ல எல்லாரும் சோறு திங்காம தப்புத் தப்பா அடிக்காக, இதுக்குத்தான் ஆளில்லையேன்னு நான் வந்து உக்காந்தேன், எப்ப முதலாளி குடுப்பீக?"